விற்கப்போகும் வீட்டின் மாடியில் பாத்ரூம் கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தனி வீடுகளைப் பழுதுபார்ப்பதும், விற்கும் முன் பார்த்து மதிப்புச் சொல்வதும் என் தொழில். தாம்பரம், குரோம்பேட்டை, அம்பத்தூர், ஆவடிப் பக்கம் 1980களிலும் 90களிலும் எழுந்த வீடுகளில் பல ஒரே அச்சில் இருக்கும். கீழே இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, ஒரு கழிப்பறை. பிற்பாடு கையில் பணம் சேர்ந்தபோது மாடியில் ஒன்றோ இரண்டோ அறை. அந்த அறைகளுக்குக் கழிப்பறை கிடையாது. இரவில் எழுந்தால் படியிறங்கித்தான் வர வேண்டும். குடியிருந்த காலமெல்லாம் இதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு, விற்கும் நேரத்தில் திடீரென்று அது பெருங்குறையாகத் தெரிகிறது.

என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே கீழே தந்திருக்கிறேன். பாத்ரூம் என்று எழுதும் இடமெல்லாம் குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த ஒரே அறையைத்தான் சொல்கிறேன்.

1. மாடியில் ஒரு பாத்ரூம் கட்டினால் விலை ஏறுமா, ஏறாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

வாங்குபவர் அந்த மாடியில் குடியிருக்கவோ அதை வாடகைக்கு விடவோ போகிறார் என்றால் ஏறும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார் என்றால் ஒரு ரூபாய்கூட ஏறாது.

எனவே கொத்தனாரைக் கூப்பிடும் முன் உங்கள் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். அண்மையில் கைமாறிய வீடுகள் என்ன ஆயின என்று பாருங்கள். வெள்ளையடித்துக் குடியேறியிருக்கிறார்களா, தகரம் அடைத்துவிட்டு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறார்களா? தரகர் சொல்வதைவிட இது நம்பகமான தகவல்.

2. எங்கள் வீட்டுக்கு முப்பத்தைந்து வயது. ஒரு கிரவுண்டு மனை. அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டியது. கட்டடத்துக்கு விலையே கிடையாதா?

அப்பா கட்டியதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சென்னைப் புறநகரில் 2,400 சதுர அடி மனையில் நிற்கும் முப்பத்தைந்து வருடக் கட்டடத்தைப் பார்க்க வருபவர், முதலில் சாலையின் அகலத்தைப் பார்க்கிறார், அடுத்து மனையின் முகப்பை அளக்கிறார், அதற்கடுத்து பட்டாவைக் கேட்கிறார். வீட்டுக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் விலையைக் குறைப்பதற்காக. அவர் மனதில் வீட்டுக்கென்று ஒரு தொகை இருந்தால், அது பெரும்பாலும் கதவு, ஜன்னல், மரச் சாமான்களின் இடிமான விலைதான்.

இப்படிப்பட்ட வீட்டில் மாடி பாத்ரூமுக்குச் செலவிடுவது வீண். கட்டாதீர்கள். வீட்டுக்கு இருபது வயதுக்குள் இருந்தாலோ, உங்கள் தெருவில் பழைய வீடுகளில் அப்படியே ஆட்கள் குடியேறுவது வழக்கமாக இருந்தாலோ மேற்கொண்டு படியுங்கள்.

3. அப்படியானால் எந்த வீட்டுக்கு இது உண்மையிலேயே பயன்படும்?

நான் தயங்காமல் "கட்டுங்கள்" என்று சொல்லும் வீடுகள் இரண்டு வகை. முதலாவது, வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இருந்து, மேலே இரண்டு படுக்கையறை இருந்து, கழிப்பறை மட்டும் இல்லாத வீடு. விளம்பரத்தில் நான்கு படுக்கையறை என்று போடுகிறீர்கள். வந்து பார்க்கும் குடும்பம் மாடியைப் பார்த்ததும் இது இரண்டு படுக்கையறை வீடு, மேலே இருப்பது சாமான் போடும் இடம் என்று மனதுக்குள் திருத்திக்கொள்கிறது. பாத்ரூம் வந்தால் விளம்பரத்தில் சொன்னது மெய்யாகிறது.

இரண்டாவது, வெளிப்படி உள்ள வீடு. மேலே ஒரு கூடமும் ஓர் அறையும் இருக்கிறது, கழிப்பறை இல்லை. அதை யாருக்கும் வாடகைக்கு விட முடியாது. ஒரு பாத்ரூமும் சமையல் மேடையும் சேர்ந்துவிட்டால் அது ஒரு போர்ஷன். வங்கிக் கடனில் வாங்குபவர், மாதத் தவணையில் எவ்வளவை மாடி வாடகை தாங்கும் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார். கல்லூரி, தொழிற்பேட்டை, ரயில் நிலையம் அருகில் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் வலுவாக இருக்கும். பாத்ரூமுக்காக விலை ஏறுவதை நான் தெளிவாகக் கண்டது இந்த வகை வீடுகளில்தான்.

4. கீழேயும் ஒரே ஒரு கழிப்பறைதான். அதுவும் இந்தியன் கோப்பை. அப்போதும் மாடியில் கட்டலாமா?

முதலில் கீழே இருப்பதை வெஸ்டர்ன் ஆக்குங்கள். வாங்க வருபவர்களில் பலருக்கு வயதான பெற்றோர் உடன் இருக்கிறார்கள். அவர்கள் மாடிக்கு ஏற மாட்டார்கள். முழங்கால் வலியுள்ள ஓர் அம்மா அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மகனிடம் திரும்பிப் பார்க்கும் பார்வையிலேயே பல பேரங்கள் முடிந்துவிடுகின்றன. கோப்பையை மாற்றி, கைப்பிடிக் கம்பி வைத்து, வழுக்காத டைல்ஸ் போடுவதற்கு ஆகும் செலவு மாடியில் புதிதாகக் கட்டுவதில் ஒரு சிறு பங்கு.

5. எவ்வளவு செலவாகும்? போட்ட பணம் திரும்ப வருமா?

செலவு ஊருக்கு ஊர், குழாய் போகும் தூரத்துக்குத் தூரம் மாறும். உங்கள் வீட்டை நேரில் பார்த்து எழுதித் தரும் மதிப்பீடு மட்டுமே கணக்கு. அந்த மதிப்பீட்டில் குழாய் வேலை, நீர்க்கசிவுத் தடுப்பு, மின்வேலை, கீழ்த்தளத்தில் உடைத்ததைச் சரிசெய்தல், மீண்டும் வண்ணம் பூசுதல் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "பாத்ரூம் ஒன்றுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகச் சொன்னால், கடைசி இரண்டும் அதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வருமா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு தரகர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: வீடு இப்போது இருக்கிறபடி விற்றால் என்ன கிடைக்கும், மாடியில் பாத்ரூம் இருந்தால் என்ன கிடைக்கும்? இருவரும் சொல்லும் வித்தியாசத்தில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மதிப்பீட்டைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால் கட்டலாம். மூன்று லட்சம் செலவு, நான்கு லட்சம் வித்தியாசம் என்றால் நான் கட்ட மாட்டேன். வேலை இழுத்துக்கொண்டு போகும், மதிப்பீட்டைத் தாண்டும், கடைசியில் பேரத்தில் அந்த ஒரு லட்சம் கரைந்துவிடும்.

6. மாடிப் படுக்கையறை பெரியது. அதில் ஒரு மூலையைத் தடுத்து பாத்ரூம் ஆக்கினால் போதாதா?

பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான வழி. புதிதாகக் கூரை வேண்டாம், வெளிச்சுவர் வேண்டாம், கட்டடப் பரப்பும் கூடுவதில்லை. ஆனால் தடுத்தது போக மிஞ்சும் அறையில் ஒரு கட்டிலும் அலமாரியும் போட்டு, நடக்க இடம் இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையைத் தடுத்தால் பாத்ரூம் கிடைக்கும், படுக்கையறை போய்விடும். அது நட்டமான பண்டமாற்று.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் பரப்பு வேண்டும், அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. அடிக்கணக்கில் சுமார் 30 சதுர அடி. இது குறைந்த அளவு. ஐந்தடிக்கு ஏழடி இருந்தால் முழங்கை இடிக்காமல் குளிக்கலாம். ஒரு பக்கமாவது வெளிச்சுவராக இருந்து ஜன்னலோ வென்டிலேட்டரோ வைக்க முடிய வேண்டும். காற்று வராத பாத்ரூமின் வாடையை, வீடு பார்க்க வருபவர் படியேறும்போதே உணர்ந்துவிடுவார்.

7. மேஸ்திரி, "தளத்தை உடைக்க வேண்டாம், ஓர் அடி உயர்த்திக்கொண்டு குழாயை உள்ளே விட்டுவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

புதுக் கட்டடத்தில் பாத்ரூம் வரும் இடத்தில் மட்டும் கூரைத் தளத்தைத் தாழ்த்தி வார்ப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பார்கள். பழைய வீட்டில் அது இருக்காது. அதனால் தரையை உயர்த்தி, அந்த உயரத்துக்குள் குழாயை மறைப்பது எளிய வழியாகத் தெரிகிறது. உயர்த்தலாம்தான். எதைக் கொண்டு நிரப்புகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

ஒரு கணக்கு: மூன்று சதுர மீட்டர் அறையில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல் ஜல்லிக் கலவை கொட்டினால் அது 0.6 கன மீட்டர். கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,900 கிலோ என்றால் ஒரு டன்னுக்கு மேல், அதாவது சதுர மீட்டருக்கு 380 கிலோ. வீட்டு அறைகளின் தளத்தை வடிவமைக்கும்போது மனிதர்களுக்கும் சாமான்களுக்குமாக எடுத்துக்கொள்ளும் சுமையே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். இதற்கு மேல் தடுப்புச் சுவர். மூன்று மீட்டர் உயரம், மூன்றரை மீட்டர் நீளத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் 1.2 கன மீட்டர். இரண்டு டன்னைத் தாண்டும். அதையே நான்கு அங்குல ஏ.ஏ.சி. கல்லில் (காற்றுத் துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) கட்டினால் முக்கால் டன்னுக்குள் முடியும்.

எனவே சுவருக்கு ஏ.ஏ.சி. கல், நிரப்புவதற்கும் உடைந்த ஏ.ஏ.சி. கல் அல்லது அதுபோன்ற இலேசான பொருள். புதுச் சுவர் கீழே உள்ள சுவரின் மேலோ உத்தரத்தின் மேலோ வருமாறு பாருங்கள். இரண்டும் இல்லாத இடத்தில், தளத்தின் நட்டநடுவில் சுவர் வருகிறது என்றால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். மேஸ்திரியின் அனுபவத்தை மதிக்கிறேன்; ஆனால் தளத்துக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது.

8. கழிவுக் குழாயை எந்த வழியாக இறக்குவது? கீழே கூடத்தின் கூரையில் குழாய் தொங்கினால் அசிங்கமாக இருக்காதா?

அசிங்கமாகத்தான் இருக்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்தாலும், "அதற்குள் என்ன?" என்று வாங்குபவர் கேட்பார். கழிப்பறைக் கழிவுக்கு 110 மில்லிமீட்டர் குழாய் வேண்டும். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு கொடுத்தால் நல்லது. கோப்பையிலிருந்து வெளிச்சுவருக்கு ஐந்து மீட்டர் என்றால் சரிவுக்கே 10 சென்டிமீட்டர், குழாயின் தடிமனோடு 21. முந்தைய பதிலில் சொன்ன 20 சென்டிமீட்டர் உயர்த்தலுக்குள் இது அடங்காது. ஒரு மீட்டர் என்றால் தாராளமாக அடங்கும்.

ஆகவே கோப்பை வெளிச்சுவரை ஒட்டி வரட்டும். பின்பக்கமாகக் கழிவு வெளியேறும் பி-டிராப் வகைக் கோப்பையைத் தேர்ந்தெடுங்கள். குழாய் சுவரைத் துளைத்து வெளியேறி, வெளிப்புறமாகவே கீழே இறங்கட்டும். கீழ்த்தளத்துப் பாத்ரூமுக்கு நேர் மேலே அமைந்தால் இன்னும் நல்லது. கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தொட்டியான சேம்பர் அங்கேயே இருக்கும். துளை போடுவதற்கு, சுவரை வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் இயந்திரம் கேளுங்கள். சம்மட்டியால் அடித்த துளையைச் சுற்றி விரிசல் ஓடும். உத்தரத்தில் எந்தக் காரணத்துக்காகவும் துளை போடக் கூடாது.

வெளியே இறங்கும் குழாய் உங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் உங்கள் சுவருக்கும் இடையில் கைகூட நுழையாத வீடுகள் உண்டு. அங்கே குழாய் போட்டால் நாளை அடைப்பெடுக்கவும் முடியாது.

9. மொட்டை மாடி மழைநீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. குளிக்கும் தண்ணீரை மட்டும் அதில் விட்டால் என்ன?

விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் சேகரிப்புக் குழிக்கோ கிணற்றுக்கோ போகிறது. சோப்புத் தண்ணீர் உங்கள் கிணற்றுக்கே போகும். பாதாளச் சாக்கடை உள்ள இடங்களில் இதன் மறுபுறத் தவறும் நடக்கிறது: மழைநீரைச் சாக்கடையில் விட்டு, அடைமழையில் தெருவெல்லாம் பொங்கவைப்பது. இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

10. செப்டிக் டேங்கைப் பெரிதாக்க வேண்டுமா?

டேங்கின் அளவு வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது, எத்தனை கோப்பை என்பதைப் பொறுத்ததல்ல. அதே ஐந்து பேர் இரண்டு கழிப்பறைகளைப் பயன்படுத்தினால் சுமை கூடாது. மாடியைத் தனிப் போர்ஷனாக வாடகைக்கு விடும் திட்டம் என்றால் ஆட்கள் கூடுகிறார்கள். அப்போது பார்க்க வேண்டும். எப்படியானாலும் வேலைக்கு முன் ஒருமுறை டேங்கைச் சுத்தம் செய்து, உள்ளே சுவர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உரிய வாகனத்தைக் கூப்பிடுங்கள். ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

11. மாடி பாத்ரூம் கட்டிய நண்பர் வீட்டில் ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது. கீழே நன்றாக வருகிறதே, ஏன்?

தொட்டிக்கு மிக அருகில் இருப்பதுதான் காரணம். ஒரு மீட்டர் உயர வித்தியாசத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம்தான் கிடைக்கும். தரைத்தளத்து ஷவருக்குத் தொட்டி ஒரு மாடி கூடுதல் உயரத்தில் இருக்கிறது. மாடி ஷவருக்கு, மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும் தொட்டி ஒரு மீட்டர் உயரம்தான் தருகிறது. தொட்டியை ஒரு மேடை கட்டி உயர்த்துங்கள், அல்லது சிறிய அழுத்த மோட்டார் வையுங்கள். வீடு பார்க்க வருபவர் குழாயைத் திறந்து பார்க்காமல் போவதில்லை.

மின்வேலையும் இதோடு சேர்த்து: 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி ஒயர் இழுத்து, மின்கசிவு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் பொருத்த வேண்டும்.

12. கட்டி முடித்த மூன்றே மாதத்தில் கீழ்க் கூரையில் ஓதம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். பாத்ரூமே இல்லாத வீட்டைவிட, கசியும் பாத்ரூம் உள்ள வீடு குறைந்த விலைக்குப் போகும். டைல்ஸ் போடுவதற்கு முன், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு தரையில் மட்டுமன்றிச் சுவரிலும் குறைந்தது ஓர் அடி, குளிக்கும் மூலையில் ஆளுயரத்துக்கு ஏற வேண்டும். குழாய் தரையைத் துளைக்கும் இடங்களில்தான் பெரும்பாலான கசிவு தொடங்குகிறது. அந்த மூட்டுகளைத் தனியாக அடைக்கச் சொல்லுங்கள்.

பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துவிட்டு, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீரைக் கட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். கீழே கூரையைப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் டைல்ஸ். இந்தச் சோதனையைக் கைப்பேசியில் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொண்டால், பேரம் பேசும்போது பத்து வாக்குறுதிகளைவிடப் பயன்படும். அவசரமாக விற்க வேண்டியவர்கள் இந்த இரண்டு நாளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

13. இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டுமா? பக்கத்து வீட்டில் யாரும் வாங்கவில்லையே.

கேள்வி 6இல் சொன்னபடி இருக்கும் அறைக்குள், கட்டமைப்பைத் தொடாமல் தடுத்தால் கட்டடப் பரப்பு கூடாது, சிக்கல் குறைவு. மொட்டை மாடியின் திறந்த வெளியில் புதிதாக அறை எழுப்பினால் அது கூடுதல் கட்டுமானம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபட அனுமதி வேண்டும். கூடிய பரப்பைச் சொத்து வரிக் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் வாங்கவில்லை, உண்மை. அவர் இப்போது வீட்டை விற்கவும் இல்லை. அனுமதியற்ற கட்டுமானத்தின் விலை விற்கும் நாளில்தான் தெரியும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

14. வாங்குபவர் வங்கிக் கடன் போடுகிறார். பாத்ரூமால் அதில் ஏதாவது வருமா?

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுவார். வரைபடத்தில் இல்லாத அறை இருந்தால் அதை மதிப்பில் சேர்க்காமல் விடலாம், அல்லது விலகல் என்று அறிக்கையில் எழுதலாம். அப்போது கடன் தொகை குறையும். குறைந்ததை உங்களிடம்தான் பேரமாகக் கேட்பார்கள். நீங்கள் செலவு செய்து கட்டிய அறை, உங்கள் விலையையே குறைக்கும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது. மாடி அறைகளுக்கே அனுமதி இல்லாத வீடு என்றால், பாத்ரூமை மறந்துவிட்டு முதலில் காகிதங்களை ஒழுங்குபடுத்துங்கள்.

15. வாஸ்து பார்க்க வேண்டுமா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். விற்கும் வீட்டில் வாங்குபவரின் நம்பிக்கைதான் செல்லுபடியாகும். வடகிழக்கு மூலையான ஈசானியத்திலும், பூஜையறைக்கு நேர் மேலேயும் கழிப்பறை வைத்தால் வருபவர்களில் கணிசமானோர் வாசலோடு திரும்புவார்கள். கேட்டுக்கு எதிரே கழிவுக் குழாய் தெரிந்தாலும் முகம் சுளிப்பார்கள். அதற்கு வாஸ்துகூடத் தேவையில்லை. குழாய்க்கு வசதியான ஒரே இடம் ஈசானியம்தான் என்றால் கட்டாமல் விடுவதே மேல்.

16. செலவை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

நீண்டகால மூலதன ஆதாயத்தை, அதாவது பல வருடம் வைத்திருந்த வீட்டை விற்றுக் கிடைக்கும் லாபத்தைக் கணக்கிடும்போது, வீட்டை மேம்படுத்திய செலவைக் கழிக்கலாம். புதிய பாத்ரூம் மேம்பாட்டில் சேரும். வண்ணம் பூசுவதும் குழாய் மாற்றுவதும் பராமரிப்பு, அவை சேராது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டை இந்தியாவில் வசிக்கும் தனிநபர் விற்றால், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம், இரண்டில் குறைவாக வரும் வரியைக் கட்டலாம்.

ஆனால் ஆசைப்பட்டு ஏமாறாதீர்கள். மூன்று லட்சம் செலவைக் கழித்தால் 12.5 சதவீதக் கணக்கில் மிச்சமாகும் வரி 37,500 ரூபாய், மேல்வரி சேர்த்தால் 39,000. மீதி உங்கள் கைப்பணம். அதுவும் ரசீது இருந்தால்தான். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுத் துண்டுச் சீட்டு வாங்கி வைப்பவர்கள் இந்த வரியைப் படித்ததும் வங்கி வழியாகக் கொடுக்கத் தொடங்கலாம்.

17. நான் துபாயில் இருக்கிறேன். அம்மா காலமான பிறகு வீடு என் பெயரில். தம்பியை வைத்து பாத்ரூம் கட்டி விற்கலாமா?

மேற்சொன்ன இரண்டு வரி வழிகளில் தேர்ந்தெடுக்கும் சலுகை வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது, 12.5 சதவீதம்தான். உள்நாட்டவர் விற்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டுகிறார். வெளிநாடுவாழ் விற்பனையாளரிடம் பிடித்தம் பல மடங்கு, அதுவும் ஆதாயத்தின் மீது மட்டுமின்றி முழு விலை மீது வரும். இதைக் குறைக்க வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் நேரமும் கவனமும் போக வேண்டிய இடம் அதுதான்.

தொலைவிலிருந்து கட்டட வேலை பார்ப்பது பற்றி என் கருத்து கறாரானது: வேண்டாம். கேள்வி 12இல் சொன்ன சோதனையை யார் நின்று பார்ப்பார்? தம்பி நல்லவராகவே இருக்கலாம். நாளைக்குக் கூரை ஒழுகினால் உறவும் சேர்ந்து ஒழுகும்.

18. வீடு மூன்று பேர் பெயரில். அண்ணன் கட்ட வேண்டும் என்கிறார், அக்கா வேண்டாம் என்கிறார். செலவை யார் ஏற்பது?

வேண்டும் என்கிறவர் செலவு செய்யட்டும், விற்றதும் அந்தத் தொகையை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கிடலாம் என்பதே பலரும் ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு. எவ்வளவு வரை, எந்த ரசீதுகளின்பேரில், விலை எதிர்பார்த்தபடி ஏறாவிட்டால் என்ன என்பதை எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். கேள்வி 5இல் சொன்ன இரண்டு தரகர் சோதனையை அக்காவையே செய்யச் சொல்லுங்கள். எதிர்ப்பவர் கொண்டுவரும் எண்ணை எல்லோரும் நம்புவார்கள்.

19. முன்பணம் வாங்கியாயிற்று. இப்போது வாங்குபவர், "மாடியில் ஒரு பாத்ரூம் போட்டுக் கொடுத்துவிடுங்கள், பத்திரம் முடிக்கலாம்" என்கிறார்.

விலையில் ஒரு தொகையைக் குறைத்துக்கொடுத்து, அவரையே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் கட்டினால் டைல்ஸ் நிறம் பிடிக்கவில்லை, குழாய் மலிவான கம்பெனி என்று பத்திர நாள் தள்ளிக்கொண்டே போகும். அவர் பின்வாங்கினால் பாதி கட்டிய அறையோடு நீங்கள் நிற்பீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் துணை ஒப்பந்தமாகச் சேர்த்துவிடுங்கள்: அளவு, பொருள்களின் தரம், முடிக்கும் நாள், அதற்கென்று கூடுதல் முன்பணம், அவர் விலகினால் அந்தப் பணம் யாருக்கு.

இதே யோசனை முன்பணத்துக்கு முன்பும் பொருந்தும். கட்டாமலேயே, பொறியாளரிடம் ஒரு வரைபடமும் மதிப்பீடும் வாங்கி மாடி அறையில் வைத்துவிடுங்கள். இங்கே பாத்ரூம் வரும், குழாய் இந்த வழியாகப் போகும், இவ்வளவு ஆகும் என்று காட்டுங்கள். குறை ஒன்றைப் பார்க்கும் வாங்குபவர் அதன் செலவை இரு மடங்காகக் கற்பனை செய்கிறார். எழுதிய தொகை அந்தக் கற்பனையை அடக்குகிறது. நான் பார்த்த வரையில், பாதிப் பேருக்கு இதுவே போதும்.

20. மாடியில் ஏற்கெனவே ஒரு பழைய பாத்ரூம் இருக்கிறது. கீழே கொஞ்சம் கசிவு. பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுப் புதிதாக இன்னொன்று கட்டி விற்றால் என்ன?

இந்தக் கேள்வியைத் தணிந்த குரலில்தான் கேட்பார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையைச் சொல்ல வேண்டிய கடமை விற்பவருடையது. மறைத்தால் அது மோசடியாகவும் கருதப்படலாம். பெயின்டுக்கு அடியில் இருக்கும் ஈரம் இதற்குக் கச்சிதமான உதாரணம். அடுத்த மழைக்காலத்தில் சுவரே சாட்சி சொல்லும்.

புதியதற்கு ஒதுக்கிய பணத்தைப் பழையதில் போடுங்கள். டைல்ஸை எடுத்து, கேள்வி 12இல் சொன்ன முறையில் பூச்சும் தண்ணீர்ச் சோதனையும் செய்து, கம்பி துருப்பிடித்திருந்தால் கூரையின் அடிப்பகுதியைச் சரிசெய்து, ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள். வாங்குபவர் கேட்டால், "கசிந்தது, சரிசெய்துவிட்டோம், இதோ ரசீது" என்று சொல்லுங்கள். வண்ணம் பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசியில், கூரை முழுதாகக் காய்ந்த பிறகு.